பதினோராவது டேக்

கானாடுகாத்தானில்
நாள் வாடகைக்குப் பேசிய வீட்டில்
காலை ஏழரைக்கு நான் செத்துப்போனேன்.

மேக்கப் காசிலிங்கம் மூக்கில் பஞ்சு வைத்தான்,
நாடிக்கட்டு கட்டினான்,
கால் பெருவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்தான்.
நெற்றிக்குக் காசுதான் கிடைக்கவில்லை.
சில்லறை தேடிப்போன ஆர்ட் டிபார்ட்மென்ட் பையன்
எல்லாரும் போனில்தான் கட்டுறாங்களாம் என்று
வெறுங்கையோடு வந்தான்.
வீட்டுக் காவலாளி மடியைத் தளர்த்தி
ஒற்றை ரூபாய் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.
"திருப்பித் தர வேண்டாம்" என்றார்.
அதை எப்படி எடுத்துக்கொள்வதென்று
நாள் முழுக்க யோசித்துக் கிடந்தேன்.

முப்பத்தொரு வருடம்.
போலீஸ்காரனாய் எட்டுப் படம், தரகனாய் நான்கு,
பெயரில்லாத மாமாவாய் எத்தனையோ.
வசனம் இருந்தால் முதல்நாள் தூக்கம் வராது எனக்கு.
வசனமே இல்லாத இதற்கு
மூன்று இரவு தூங்கவில்லை.
சாவதற்கு என்ன ஒத்திகை என்று சிரித்தாள் மனைவி.
மூச்சுக்குத்தான்.
பாதியை விட்டு, மீதியைத் தொண்டையில் நிறுத்தி,
வயிறு அசையாமல், இமைக்குள் விழி உருளாமல்.

முதல் டேக்கில் மயில் அகவியது.
அடுத்ததில் காரைக்குடி பஸ்ஸின் ஹாரன்.
மூன்றாவதில் என் வயிறே குரல் கொடுத்தது,
காலையில் தின்ற வெள்ளைப் பணியாரம்.
ஒப்பாரிக்கு வந்த பெண்கள்
மாரடித்த கையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

டைரக்டர் அறவாழி சிரிக்கவில்லை.
முதல் படம்.
ஒவ்வொரு டேக் முடிந்ததும்
என் தலைமாட்டில் குந்தி, மாலையைச் சரிசெய்வதுபோல்
காதில் சொல்லிவிட்டுப் போவான்:
"பயமா இருக்குண்ணே."
"ஆறு மணிக்கு மேல வீடு கிடையாதுண்ணே."
"இந்த சீனை ஏன் எழுதினேன்னே தெரியலண்ணே."
கேமராமேனிடம் சொல்ல முடியாததை,
தயாரிப்பாளரிடம் சொல்லவே கூடாததை.
பதில் சொல்லாதவன் நான் ஒருவன்தானே அங்கே.

மகளாய் நடித்தவள் ஆதிரை.
நான்கிலிருந்து பத்துவரை
கிளிசரின் சரியான நேரத்துக்கு வழிந்தது.
"அப்பா, கண்ணைத் திறங்கப்பா" என்பது வசனம்.
பதினொன்றில் அதை மறந்துவிட்டாள்.
ஆத்தங்குடிக் கல்லின் குளிர் என் முதுகில் ஏறிக்கொண்டிருக்க,
அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
பிடித்த இடத்தில் நாடி
மடத்தனமாய்த் துடித்துக்கொண்டிருந்தது.
விரல் அதைக் கண்டுகொண்டது.
விடவில்லை.
சிரிப்பில் தொடங்கியதுபோல் ஒரு சத்தம்,
பிறகு சத்தமில்லை.
பிறகு என் கையில் விழுந்தது ஒரு சொட்டு,
அது சுட்டது.
உயிரோடிருக்கும் கையைப் பிடித்துக்கொண்டு
யாருக்காக அழுதாளோ.
கண்ணைத் திறந்து பார்த்திருக்கலாம்.
நான் நடிகன். திறக்கவில்லை.

"கட்."
"ஃபோகஸ் போச்சு சார்."
"ஒன் மோர்."

படத்தில் இருப்பது பதினான்காவது.
நல்ல டேக்தான்.
தியேட்டரில் எனக்கு முன்வரிசைக்காரர்
கைக்குட்டை எடுத்தார்.
நான் மட்டும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

பேக்-அப்புக்கு முன்னால்
கட்டெல்லாம் அவிழ்த்து என்னை எழுப்பி
கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்கள்.
பிணமாய்ப் படுத்தவனுக்குச் செய்யும் பரிகாரம்.
அந்தச் சிரிப்பும் எங்கோ ஒரு டிஸ்க்கில்
பதினொன்றின் பக்கத்தில் கிடக்கும்.
பூசணிக்காய் உடைத்தார்கள்.
ஆதிரை கேரவனுக்குள் போய்விட்டாள்.
அறவாழி அடுத்த சீனை
உயிரோடிருக்கிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான்.

பள்ளத்தூர் தாண்டியதும் கண்டக்டர் வந்தார்.
"ஒரு ரூபா சில்லறை இருக்கா?"
சட்டைப்பையில் அது, நெற்றிச் சந்தனத்தோடு.

இல்லை என்றேன்.
ஒரே டேக்கில் நம்பிவிட்டார்.