ரேடியேட்டர் சூடு

அடிவாரம் தாண்டியதும் வளைவுகளுக்கு எண் உண்டு.
வாந்தி எப்போது நிற்குமென்று
பயணிகள் அதைப் பார்த்துக் கணக்குப் போடுவார்கள்.
என் கணக்கு வேறு.

ஐப்பசியில் நான்காம் வளைவிலேயே வந்துவிட்டது.
எதற்கும் இருக்கட்டும் என்று பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை,
கோரிமேட்டில் இன்னொரு முறை
மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விட்டுத்தான் ஏறினேன்.
ஆனாலும் வந்தது,
மீதி மூன்று ரூபாய்க்கு
இறங்காமல் நிற்கிற ஆளைப் போல.

அர்த்தநாரி அண்ணனுக்கு ஒரு சில்வர் ஓக் மரம் போதும்.
எனக்குக் கதவு வேண்டும், கதவுக்குத் தாழ் வேண்டும்.
தாழ் இருக்கும் இடத்தில் தண்ணீர் இருக்காது.
ஆகவே தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன்.
விடிகாலை ஒரு டம்ளர் காபி,
பிறகு இரண்டாம் டிரிப் முடியும்வரை
உதடு நனையாது.
கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன்.

டாக்டர் நிலோபர் காகிதங்களைப் புரட்டினார்.
சர்க்கரை இல்லை. கிருமி இல்லை.
"பை கெட்டுப்போகலம்மா, மிரண்டுபோயிருக்கு.
நீங்க காயப்போட்டதுல உள்ள இருக்கிறது அடர்ந்து எரிச்சலாகி,
அரை டம்ளருக்கே விசில் அடிக்குது."
விசில் என்று என்னிடம் சொல்கிறார்.
"சரியாகுமா?"
"பெரும்பாலும். ரெண்டு மூணு மாசம் ஆகலாம்.
நடுவுல திரும்பி வந்தா பயப்படாதீங்க."

தண்ணீரைப் பங்கிட்டு நாளெல்லாம் குடிக்கணும்,
ராத்திரி மட்டும் கொஞ்சம் கை அடக்கணும்.
'எதற்கும் இருக்கட்டும்' கூடவே கூடாது.
வந்ததும் ஓடாமல் நின்று
இடுப்படித் தசையை இறுக்கி, விட்டு, இறுக்கி
அலை தணிந்தபிறகு நடந்து போகணும்.
காபியைக் குறைக்கணும்.
பூ விட்டால் மலையே மணக்கிற காபித் தோட்டங்களுக்கு நடுவே
நாளைக்கு நாலு தடவை போய்வருகிறவளிடம்
இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும்.

நேரத்தை எழுதி வைக்கச் சொன்னார்.
டிரிப் ஷீட்டின் முதுகில் எழுதினேன்.
5.10, 5.55, 6.20.
கார்த்திகையில் ஆறாம் வளைவு.
பிறகு ஒன்பது.
ஒருநாள் பனி இறங்கி
முன்சீட்டே தெரியாத காலையில்
மறுபடி நான்கு.
அன்றைக்கு டிக்கெட் கிழிக்கிற சாக்கில்
ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.
மறுநாள் எட்டு.

பன்னிரண்டு தாண்டி ஒரு டீக்கடை,
கடைக்குப் பின்னால் தகரக் கதவு, தாழோடு.
ஐப்பசியிலிருந்து அங்கே வண்டி நின்றுவிடும்.
"ரேடியேட்டர் சூடு, அஞ்சு நிமிஷம்" என்பார் அண்ணன்,
யார் முகத்தையும் பார்க்காமல்.
பானட்டைத் தூக்கி
தலையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பார்,
நான் திரும்பி வந்து படியேறும்வரை.
அவரிடம் நான் எதுவும் சொன்னதில்லை.
வண்டி புதுசு.
டெப்போவுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தை மாதம், சனிக்கிழமை,
படி வரைக்கும் கூட்டம்.
டீக்கடை தெரிந்ததும் வேகம் குறைந்தது.
கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்து
இரண்டு மடக்கு குடித்தேன்.
மூடியைத் திருகிவிட்டு
டபுள் விசில் கொடுத்தேன்.
அண்ணன் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார்.
கியர் மாறியது.

பதிமூன்று.