வில்லங்கம்: இல்லை

ஒத்தக்கடை.
ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவில்
என் மேசை.
பக்கத்துக்கு நூற்றைம்பது வாங்கிக்கொண்டு
இங்கிலீஷைத் தமிழாக்கித் தருகிறேன்.
பெரும்பாலும் நிலம். கிரயம், பாகப்பிரிவினை,
கிழக்கே வண்டிப்பாதை, மேற்கே இன்னார் புஞ்சை.
இன்றைக்குக் கப்பல்.

செல்லம்பட்டியிலிருந்து பஸ் மாறி மாறி
ஒச்சம்மாள் கொண்டுவந்திருந்தாள்
ஜவுளிக்கடை மஞ்சப்பைக்குள்
பதினேழாயிரத்துச் சொச்சம் டன்.

'வக்கீல் வாசிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடச் சொன்னாரு.
என்ன எழுதியிருக்குன்னு நீங்கதான் சொல்லணும்.'

டன் என்றால் இங்கே எடை இல்லையாம்.
உள்ளே எவ்வளவு வெற்றிடம் என்ற கணக்காம்.
அகராதியை மூடிவைத்துவிட்டு
'கொள்ளளவு' என்று அடித்தேன்.
மரக்காலை நிறுத்தா பார்க்கிறோம்?

பழைய பெயர்கள் மூன்று. பழைய கொடிகள் மூன்று.
ஒரு நாட்டின் பேரேட்டில் பெயரை அடித்து
சான்று வாங்கினால்தான்
அடுத்த நாட்டில் ஏற்றுவார்கள் என்றேன்.
'ரேசன் கார்டு மாதிரி' என்றாள் உடனே.
'கல்யாணமாகி வந்தப்ப
பேர் நீக்கின சீட்டுக்கு நானும் எட்டு மாசம் அலைஞ்சேன்.'
கப்பலுக்கு ஒரே மத்தியானம் ஆகியிருந்தது.
அதை நான் சொல்லவில்லை.

பதிவுத் துறைமுகம்:
பின்புறத்தில் வெள்ளைப் பெயின்டில் எழுதும் ஊர்.
'அந்த ஊரு எங்கன இருக்கு?'
தேடினேன். மலைகள், ஆடுகள், ஒரு ரயில் நிலையம்.
கடல் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
'அப்ப மதுரைன்னே எழுதியிருக்கலாமே' என்றாள்.
'வைகைகூட கம்மாயோட நின்னுபோகுது,
ஆனாலும் பக்கம்தானே.'

வண்டிக்குச் சிரித்தாள். பிறகு பரமனைப் பற்றிச் சொன்னாள்.
எஞ்சின் அறையில் எண்ணெய்க்காரன்.
தூத்துக்குடிக்கு வெளியே நங்கூரத்தில் நிற்கிறது.
பதினோரு மாதமாகச் சம்பளம் இல்லை,
இரண்டு மாதமாகக் காய்கறி இல்லை.
முதலாளி யாரென்று கேட்டால்
காகிதத்தில் ஒரு கம்பெனி,
அந்தக் கம்பெனிக்கு ஒரு தபால்பெட்டி.

நான்காம் பக்கம், அடியில்:
பதிவான வில்லங்கம்: இல்லை.

முப்பது வருடமாக இந்த வரியை அடித்திருக்கிறேன்.
'இல்லை' என்று வந்தால்
ஜனங்கள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு
காபி குடிக்கப் போவார்கள்.
இவளுக்கு முகம் செத்துவிட்டது.
'அப்ப அவருக்குத் தர வேண்டியது
எங்கயும் ஏறவே இல்லையா?'

வக்கீலுக்குப் போன் போட்டேன்.
அவர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:
மாலுமியின் கூலிப் பாக்கியைப் பதிய வேண்டியதில்லை.
அது பேரேட்டில் ஒட்டாது, இரும்பில் ஒட்டும்.
பெயர் மாறட்டும், கொடி மாறட்டும்,
வாங்கினவன் நல்லவனாகவே இருக்கட்டும்,
கப்பலோடேயே வரும்.
ஒரு வருஷம். அதற்குள் பிடித்து நிறுத்தினால் உண்டு.
அப்புறம் அவிந்துவிடும்.
ரசம் கேட்டார் யாரிடமோ. வைத்துவிட்டார்.

அவள் செல்போனில் ஒரு படம் காட்டினாள்.
கப்பலின் பின்புறம், சாயங்கால வெயில் பக்கவாட்டில்.
புதுப்பெயருக்கு அடியில்
பற்றவைத்த பழைய எழுத்துகள்
பெயின்டுக்குள் புடைத்துக்கொண்டு தெரிந்தன,
தழும்பு மாதிரி.
இன்னொரு படம்: உள்ளே ஒரு தகட்டில்
வெட்டிப் பதித்த ஏழு இலக்கம்.
அது மட்டும் கட்டின நாளிலிருந்து மாறவில்லை.
பாதியை மறைத்துக்கொண்டு
பரமனின் துண்டு காய்ந்தது.

தட்டச்சில் 'இல்லை' என்றுதான் அடித்தேன்.
மூலத்தில் உள்ளதை மாற்ற எனக்கு உரிமை கிடையாது.
பன்னிரண்டு பக்கம்.
பையிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ண ஆரம்பித்தாள்.
'பாக்கி வைங்க' என்றேன்.
'எதுல எழுதிக்குவீங்க?' என்றாள்.

மணி நாலு. கோர்ட்டு கவுன்டர் நாலேமுக்காலுக்கு அடைக்கும்.
கையெழுத்து எங்கே என்று
பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் காட்டினேன்.