பதினொன்று இருபதுக்கு என்ன நடந்தது

கருங்கல் சந்தைக்கு எதிரே
செல்போன் கடைக்கு மேல் ஓர் அறை.
ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு ரூபாய்.
பெல்ஜிதாவுக்கு இருபத்தெட்டு வயது,
எனக்கு அதைவிடப் பதினெட்டு கூடுதல்.
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
பைக் உதிரிபாகக் கடை எனக்கு.
தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று
வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருந்தேன்.

எதை வாங்கலாம் என்றேன்.
நோட்டு வாங்குங்க என்றாள்.
நாற்பது பக்கம் போதும், கோடு போட்டது.

இதற்கு முன் ஒரு டெலிகிராம் குழுவுக்குப்
பதினைந்தாயிரம் கட்டியவன் நான்.
காலை ஒன்பது பத்துக்கு 'வாங்கு' என்று வரும்,
ராக்கெட் படத்தோடு.
அங்கே யாரும் என்னை எதுவும் கேட்டதில்லை.

மூன்று வாரம் எழுதினேன்.
வாங்கிய நேரம், விற்ற நேரம்,
போனது எவ்வளவு, வந்தது எவ்வளவு.
வந்ததைக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.
அவள் அதில் கண்ணை வைக்கவே இல்லை.
விரல் போய் நின்ற இடம்
புதன்கிழமை, பதினொன்று இருபது.
"இது நீங்க போட்ட திட்டத்துல இல்லையே.
அப்பம் என்ன நடந்தது?"

சந்தை ஏறியது என்றேன்.
"இல்ல, எறங்கிட்டாக்கும் இருந்தது."
ஒரு நியூஸ் வந்தது என்றேன்.
எந்த நியூஸ் என்று அவள் கேட்கவில்லை.
மின்விசிறி சுற்றியது.
கீழே யாரோ போனுக்குக் கண்ணாடி ஒட்ட
விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.
அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் அறுநூறு.

என் மச்சினன் ஷிபு
புதுக் காரைக் கடை முன்னால் நிறுத்தி
ஹாரன் அடித்த நேரம் அது.
சொல்லிவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை.
பக்கத்தின் ஓரத்தில் சின்னதாய் எழுதினாள்:
கார்.
ஒன்பதாயிரத்து நானூறு ரூபாய்க்கு
அதுவரை நிஃப்டியைத்தான்
திட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஓரங்கள் நிரம்பின.
மகளின் ஹாஸ்டல் பீஸ்.
முந்தின நாள் ஜெயித்த திமிர்.
மழையில் கடைக்கு ஆள் வராத மதியம், வெறும் சலிப்பு.
ஸ்டாப் லாஸை நகர்த்திய இரண்டு இடங்களில்
அவள் ஒன்றும் எழுதவில்லை,
பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

நஷ்டம் நிற்கவில்லை, சிறிதாகியிருக்கிறது.
எட்டு நாளாய் ஒன்றுமே வாங்காமல் இருந்திருக்கிறேன்.
வீட்டில் இதைச் சொன்னால்
இதற்கா காசு கொடுக்கிறாய் என்பார்கள்.

சித்திரையில் ஒரு நாள் கேட்டேன்:
"உனக்க நோட்டைப் பாக்கது யாராக்கும்?"
மேசை இழுப்பறையைத் திறந்தாள்.
அதே நாற்பது பக்கம், கோடு போட்டது.
"வடசேரியில ஒருத்தி. எனக்க கூடப் படிச்சவ.
வெள்ளிக்கிழமைதோறும் போட்டோ எடுத்து அனுப்புவேன்."
கொஞ்சம் பொறுத்து,
"போன மாசம் ஒரு பக்கம் மட்டும் அனுப்பல்ல."

எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை.
மின்விசிறி சுற்றியது.
கீழே ஒரு குழந்தை எதற்கோ அழுது ஓய்ந்தது.
ஐந்து பத்துக்கு
அவள் போனை எடுத்து, பக்கத்தைப் புரட்டி,
நிழல் விழாமல் சன்னலோரம் சாய்த்து
படம் பிடித்தாள்.

அன்றைக்குக் காசு வேண்டாம் என்றாள்.
முந்நூறு வைத்துவிட்டு
பஸ்ஸுக்கு இறங்கினேன்.