வினையெச்சம்

முந்தின இரவே விடுதியில் படித்துவிட்டாள் ஜெல்மீரா
தீர்மானத்தின் முகப்பை. ஒன்றரைப் பக்கம்.
பனியாறுகள் சுருங்குவதைக் கருத்தில் கொண்டு,
பழைய உடன்பாடுகளை நினைவுகூர்ந்து,
உறுப்பு நாடுகளின் தயக்கத்தைக் கவனித்து,
ஆழ்ந்த கவலை தெரிவித்து,
எச்சத்தின்மேல் எச்சமாக ஏறிக்கொண்டே போகிறது வாக்கியம்,
முற்று எங்கோ அடுத்த தாளில்.

ஸ்ட்ராஸ்பர்கில் காலை விவாதம்.
கண்ணாடிக் கூண்டுக்குள் அவள்,
காதில் ஜெர்மன், நாவில் ஸ்லோவாக்.
பவேரியக்காரர் பேசுகிறார்:
"பழுப்புக்கரிச் சுரங்கங்களை இந்தப் பத்தாண்டுக்குள் நாம்..."
வினையைக் கைக்குள் மூடிவைத்துக்கொண்டு
மேசையைத் தட்டுகிறார், தண்ணீர் குடிக்கிறார்.
ஒழிக்கிறோம் என்றும் வரலாம்,
ஒத்திவைக்கிறோம் என்றும்.
வரிசையாக அத்தனை கூண்டுகளிலும்
இருபத்து மூன்று மொழிகள் வாய் திறந்தபடி.

நண்பகலில் வாக்கெடுப்பு.
தலைவர் நாற்காலியில் ஓர் ஆஸ்திரியப் பெண்மணி,
மழைக்கு முன் துணி எடுப்பவர் போல
திருத்தங்களை வாரிக்கொண்டு போகிறார்.
ஜெர்மனில் ஒன்றாமிடம் முந்திக்கொள்ளும்,
ஏழும் நாற்பதும் என்றுதான் சொல்வார்கள்.
ஜெல்மீரா எழுபத்து நான்கு என்றாள்.
உடனே நாக்கைக் கடித்து,
"திருத்தம்: நாற்பத்தேழு."

அதற்குள் ஓல்ட்ரிக் பெஸாக்கின் விரல் இறங்கிவிட்டது.
நிமிர்ந்து திரையைப் பார்க்கும் பழக்கம் அவருக்கில்லை,
காதில் கேட்பதற்கு அழுத்துவார்.
ஊரில் அவர் தம்பி கரிக்குழியில் பொறி ஓட்டுகிறவன்.
மூன்று வாரம் தூங்காமல் யோசித்து
நாற்பத்தேழுக்கு ஆம் என்று முடிவுசெய்திருந்தார்
(தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை).
எழுபத்து நான்குக்கு இல்லை.

முந்நூற்றுப் பதினொன்று.
முந்நூற்றுப் பதினொன்று.
சமம் என்றால் விழுந்தது, விதி அப்படி.
எழுந்து கை உயர்த்தினார்.
எழுத்தர் குறித்துக்கொண்டார்:
உறுப்பினர் ஆம் என வாக்களிக்க எண்ணியிருந்தார்.
எண்ணியது குறிப்பேட்டில் கிடக்கும்,
முடிவு மாறாது.

மாலை, டிராம் நிறுத்தம்.
பெட்டியை இழுத்தபடி நிற்கிறார் அவர்.
ஆறு வருடமாக அவருடைய காதுக்குள் இருப்பவள்,
முகம் தெரியாதவள், பக்கத்தில் வந்து
"மன்னியுங்கள்" என்றாள்.
வழி விடச் சொல்கிறாள் என்று ஒதுங்கியவர்
குரல் பிடிபட்டதும் திரும்பினார்.

நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.
"அமைச்சரவைக்குப் போய்விட்டு
இலையுதிர்காலத்தில் மறுபடி வரும்.
வேறு எண்ணோடு வரும்.
அப்போது மெதுவாகச் சொல்லுங்கள்."
பிறகு,
"என் தம்பிக்கு எப்படிச் சொல்வது,
அதை யார் மொழிபெயர்ப்பது?"

அவள் வாயெடுப்பதற்குள்
மழை வலுத்து,
டிராம் வந்து, கதவு திறந்து,
பாலத்துக்குக் கீழே இல் ஆறு
படித்துறையின் நான்காம் படியைத் தொட்டு,