சாய்ந்து கிடக்கும் உடுக்கை

மணிக்கு ஒன்பது ரிங்கிட்.
பல் விளக்கும் பிரஷ்ஷால் பாசி தேய்க்கிறேன்,
பினாங்கு நார்தாம் சாலைக் கல்லறைத் தோட்டத்தில்.

ஆர்ச்சிபால்ட் க்ரே. டண்டீ.
காய்ச்சல். வயது இருபத்தாறு.
பெயருக்கு மேலே மண்டையோடு,
குறுக்கே இரண்டு எலும்பு,
சிறகு முளைத்த ஒரு முகம்:
மைலோ கிடைக்காத பிள்ளைபோல்
கன்னம் உப்பியிருக்கிறது.

பக்கவாட்டில் கிடப்பதை
மணற்கடிகாரம் என்கிறார் மிஸ்டர் கோர்.
நேரம் நின்றுவிட்டதாம்,
மணல் இனி இறங்காதாம்.
எனக்கு அது உடுக்கை.
ஓடு, எலும்பு, உடுக்கை...
யாரப்பா நீ,
பைபிளோடு கப்பலேறி வந்த
சுடலையாண்டியா?

கோர் புகைக்கப் போன நேரம்
கல் உடுக்கையை விரலால்
இரண்டு தட்டு தட்டினேன்.
மண்டையோட்டின் இடது கண்ணிலிருந்து
எறும்புகள் இறங்கின,
வெள்ளை மணலாய் முட்டை கவ்வி.

மழை வரும்.
அரைநாள் கூலி போச்சு.