நிற்க

ஹல்வர் அவர்களுக்கு,
மூன்றாம் மாடியைப் பெருக்கும் சிசெல் எழுதுவது.
நலம். நலமென்றே வைத்துக்கொள்வோம்.
பூடோவில் பதினோரு நாளாகச் சூரியன் மலையைத் தாண்டவில்லை.
நார்வேயின் இந்த வடக்கில் டிசம்பருக்கு
துறைமுக விளக்குதான் விடிகிறது, அணைகிறது, மறுபடி விடிகிறது.

நிற்க.

உங்கள் புது மேசைகளைப் பற்றித்தான்.
இருபத்து நான்கு. பொத்தானை அழுத்தினால் எழும்.
மறுபடி அழுத்தினால் முனகிக்கொண்டே இறங்கும்.
இரவு பத்து மணிக்குக் கதவைத் திறக்கையில்
ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில்,
ஆட்கள் போன பின்னும்
அவரவர் முழங்கை மட்டும் அறையிலேயே தங்கிவிட்டாற்போல.

நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர்: அது அஸ்லாக்.
பள்ளிக்கூடம் சேர்ந்த நாளிலிருந்து
இப்போதுதான் கூன் போடாமல் எழுதுகிறானாம்.
படிக்கட்டில் யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான்.
அதுவரை நல்லது.
தொண்ணூற்றாறு: யாரென்று தெரியாது.
ஒரு காலால் மறுகாலைத் தேய்த்தபடி நிற்பவள்.
அங்கே மட்டும் தரையில்
காலணிக் கறை பிறை பிறையாக.
நூற்று மூன்றில் தினமும் ஒரு வலிமாத்திரை உறை.

விதிப்படி எல்லாவற்றையும்
எழுபத்திரண்டுக்கு இறக்கிவிட்டுப் போகவேண்டும்.
இறக்குகிறேன்.
பனியில் கலைமான் மந்தை
முன்னங்கால் மடித்துப் படுப்பதுபோல்
படுக்கின்றன.

பின்வரிசை மூலை மேசை மட்டும்
நான் தொடும் முன்பே படுத்திருக்கும்.
அறுபத்து நான்கு.
அதற்கும் கீழே போக அதற்கு வழியில்லை.
எவ்வளவு துடைத்தாலும் அதில் சால்மன் வாடை.
ஒட்டிய பபிள்கம்மைச் சுரண்டக் குனிந்தேன்.
அடிப்பலகையில் பென்சில் எழுத்து:
காலை நாலிலிருந்து நிற்கிறேன்.
இருபது நிமிடம் மன்னியுங்கள்.

யாரிடம் கேட்ட மன்னிப்போ.
மேசையிடமே கேட்டிருக்கலாம்.

அவளை எனக்குத் தெரியும்.
மூன்றரை மணிப் பேருந்தில் நான் வீடு திரும்ப,
அவள் மீன் ஆலைக்குப் போவாள்.
கழுத்து அட்டையில் யோருன் என்று பெயர்.
நாங்கள் பேசியதில்லை.
இருக்கை கிடைத்த உடனே இருவரும்
கண்ணை மூடிக்கொள்கிறவர்கள்.

முதல் இருபது நிமிடம் அனைவரும் நிற்க,
நின்றால் இரத்தம் ஓடும் என்று
பலகை மூலையில் பச்சையில் எழுதி
அழிக்காதீர் என்று கட்டமும் போட்டிருக்கிறீர்கள்.
அழிக்கவில்லை.
என் இரத்தமும் முப்பது வருடமாக ஓடித்தான் பார்க்கிறது.
கணுக்காலில் போய் நின்றுவிடுகிறது.

நாற்காலிகள் நிலவறைக்குப் போயாயிற்று.
பதிலுக்கு வந்த உயர முக்காலிக்கோ
உட்காரவைப்பதா நிற்கவைப்பதா என்று அதற்கே குழப்பம்.
ஆகவே நிலவறையிலிருந்து
பழைய மரநாற்காலி ஒன்றைத் தூக்கிவந்து
மூலையில் போட்டது நான்தான்.
மறுநாள் அது வராந்தாவில் கிடந்தது,
வழியை மறிக்கிறது என்று மஞ்சள் சீட்டோடு.
உள்ளே போட்டேன்.
வெளியே வந்தது.
மூன்று முறை இப்படி.
சீட்டை மட்டும் சேர்த்து வைத்திருக்கிறேன்,
பின்பக்கம் காலி, கடைச்சாமான் எழுத ஆகும்.

நான்காம் இரவு, வியாழன்,
நான் வரும் முன்பே நாற்காலி மூலையில் இருந்தது.
நான் போடவில்லை.
யோருனுக்கு அன்று இரட்டை ஷிப்ட், கல்லூரிக்கே வரவில்லை.
சாய்மானத்தில் பச்சை மையில் மூன்று விரல்.
இந்த மாடியில் பச்சை மார்க்கர் யாரிடம் என்று
குப்பைக்கூடை தினமும் எனக்குச் சொல்கிறது.

துடைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
அதைத் துடைக்கவில்லை.

இதைச் சொல்ல எழுதவில்லை.
அஸ்லாக்கின் மேசையில் மோட்டார் போய்விட்டது.
எத்தனை அழுத்தினாலும்
நூற்றுப் பதினெட்டிலேயே நிற்கிறது, பிடிவாதமாக.
இருட்டில் யாரோ எழுந்து நிற்பதாக நினைத்து
நேற்று ஒருமுறை வணக்கம் சொல்லிவிட்டேன்.
பழுது பார்க்க ஆள் அனுப்புங்கள்.
அவசரமில்லை.

இப்படிக்கு,
சிசெல்.
(உட்கார்ந்து எழுதியது.)