பாக்கிப் பேரேடு

சுவரில் பழுப்புக் கோடு
என் தோளுக்குச் சற்றுக் கீழே நின்றது.
அதற்கு மேலே சுண்ணாம்பு, கீழே கால்வாய்.
ஆணியில் தொங்கிய நாட்காட்டியில்
மாதக் கடைசி மட்டும் ஊறிப் போயிருந்தது.

மிஸ்டர் பெஸ்தானா காலுறையைப் பிழிந்து
சன்னல் கம்பியில் மாட்டிவிட்டு
"முதலில் கவுண்டர்" என்றார்.
நாற்காலி இல்லை, விளக்கு இல்லை,
வீங்கிய கதவு மூட மறுக்கிறது.
ஆனாலும் கவுண்டர்.
பசாரிலிருந்து நான்கு மீன்பெட்டிகள்,
மேலே ஒரு பலகை.
அதற்குப் பின்னால் போய் நின்றதும்
நாங்கள் மறுபடியும் அரசாங்கம் ஆனோம்.
மீன் வாடையுள்ள அரசாங்கம்.

பேரேடுகளை இரண்டாம் மாடித் தாழ்வாரத்தில் விரித்தோம்.
ஒட்டிய தாள்களுக்கு நடுவே குழந்தைப் பவுடர்,
அது தீர்ந்ததும் சீன நாளிதழ்.
வீட்டுக்காரர்கள் கதவிடுக்கு வழியே கம்பி இழுத்து
மின்விசிறி தந்தார்கள்.
ஒரு பையன் தாண்டித் தாண்டிப் பள்ளிக்கூடம் போனான்,
அவன் அப்பாவின் கடை எண்ணை மிதிக்காமல்.

நீல மை தாங்கியிருந்தது.
சிவப்பு தாங்கவில்லை.
பெயர் நீலம், கடை எண் நீலம், கட்டிய பணம் நீலம்.
பாக்கி மட்டும்தான் சிவப்பில் எழுதுவோம்.
இருநூற்றுச் சொச்சம் கடைகளின் கடன்
பக்கத்துக்குப் பக்கம்
ரோஸ் சிரப் சிந்தியது போல் கிடந்தது.

கோப்பிக்கடைத் தொலைபேசியில் தலைமையகம் சொன்னது:
"வருகிறவர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்."
பெஸ்தானா ஒலிவாங்கியைக் கொஞ்ச நேரம்
பார்த்துக்கொண்டிருந்தார்.

கோழிக்கடை ஜுமாத் வந்தார்.
இரண்டு மாதம், முப்பத்தாறு வெள்ளி என்றார்,
நான் பேனாவைத் திறப்பதற்குள்.

காய்கறிக்காரி கோ சியூ எங்
நான்கு விரல் காட்டினாள்.
மூன்றுதானே என்றேன், எனக்கு நினைவிருந்தது.
இந்த மாதமும் சேர்த்து என்றாள்.
இந்த மாதம் இன்னும் முடியவில்லையே.
"முடியும்தானே," என்றாள்
மலாயில், சேறு காய்ந்த புருவத்தைச் சொறிந்தபடி.

பிறகு துணிக்கடை வைரக்கண்ணு.
"பாக்கி ஒன்னும் இல்லம்மா."
என்னைப் பார்க்கவில்லை. சுவர்க்கோட்டைப் பார்த்தார்.

ஐந்து மாதம்.
என் கையால் எழுதியது, என் சிவப்புப் பேனாவால்,
ஐந்தாவது முறை கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.
அதுவும் எனக்குத் தெரியும்.
செவ்வாய்க்கிழமை ஐந்தடியில் தனியாக நின்று
விற்காத சேலைகளை அவர் ஒவ்வொன்றாய்ப் பிழிந்ததும் தெரியும்.
தண்ணீர் ஒவ்வொரு நிறத்திலும் வந்தது.
கடைசியில் எல்லாம் ஒரே நிறமாய் வந்தது.

பின்னால் வரிசை நீண்டிருந்தது.
பெஸ்தானா பக்கத்தில் நின்று
சீழ்க்கை அடித்துக்கொண்டிருந்தார், மெட்டு எதுவும் இல்லாமல்.

எழுதினேன்:
கடைக்காரரின் கூற்றுப்படி, இல்லை.
பொய் ஒரு சொல்லும் கிடையாது அதில்.
வாசித்துக் காட்டவா என்றேன்.
வேண்டாம் என்றார்.
பலகையில் கட்டைவிரலை ஒரு தடவை ஊன்றிவிட்டுப் போனார்,
மை கேட்காமலே.

சீனப் புத்தாண்டுக்குப் பிறகு
புதுக் கவுண்டர் வந்தது, ஃபார்மைக்கா போட்டது.
அலமாரிகளைக் கோட்டுக்கு மேலே அடித்தார்கள்.
உயரமில்லாத எனக்கு ஒரு முக்காலியும் தந்தார்கள்.
இரண்டு பூச்சுக்குப் பிறகும்
மழைநாளில் அந்தக் கோடு
உள்ளேயிருந்து மெல்ல எட்டிப் பார்க்கும்.

நிலுவை அறிக்கையைத் தட்டச்சு செய்து நீட்டினேன்.
பெஸ்தானா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கூட்டுத்தொகையில் விரல் வைத்தார்.
"நான் நினைத்ததைவிடத் தொண்ணூறு வெள்ளி குறைவு."
மாதம் பதினெட்டு, ஐந்து மாதம்.
அவரும் கணக்குத் தெரிந்தவர்.

நான் புது மைப்புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.
அது திறக்கவே இல்லை.

"நீலத்தில் போடவா?" என்று கேட்டார்,
போட்டார்.
ஈரக்காற்று. கையெழுத்து காயவில்லை.
இரண்டு பேரும் மாறி மாறி
ஊதிக்கொண்டிருந்தோம்.